முதலில் மூன்று, பிறகு நாலு

துண்டுக்கடியில் செங்கோடன் கை மாற்றிவிட்டான் என்று மேச்சேரி ஆட்டுச் சந்தையில் ஒருநாள் பேச்சு கிளம்பியது. அந்தச் செங்கோடன் நான்தான். அது தப்பான பேச்சு என்று நிரூபிக்க எனக்கு ஒன்பது மாதமும் மூன்று ஆஸ்பத்திரிகளும் தேவைப்பட்டன. இப்போது உடம்பு தேறிவிட்டது. என்னைப்போல் இன்னொருவர் எங்காவது கட்டிலிலிருந்து எழமுடியாமல், சொன்னால் யாரும் நம்பாமல் உட்கார்ந்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் பேச்சில் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

தரகன் வாயைத் திறந்தால் பொய் என்று ஊரில் சொல்வார்கள். முழுக்க மறுக்கமாட்டேன். நாலு பல் போட்ட கிடாயை, வயதைக் குறைத்து, இரண்டு பல் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் தண்ணீர் காட்டி வயிறு நிரப்பிய ஆட்டை, நல்ல மேய்ச்சல் ஆடு என்று புகழ்ந்திருக்கிறேன். வாங்குகிறவருக்கும் அது தெரியும், அவரும் பதிலுக்கு அளப்பார். ஆனால் துண்டுக்கடியில் கை சொல்வது வேறு. பெரிய விலையை வாயாலேயே பேசிவிட்டு, அதற்கு மேல் எத்தனை நூறு என்பதைத் துண்டுக்குள் முடிப்போம். அவர் கையின் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, நாலு என்றால் நாலு. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டால் விலை முடிந்தது. அதற்குப் பிறகு விரலைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் கை மாற்றுவது. இருபத்தெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை.

நோய் எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லமுடியவில்லை. முதலில் வாய் காய்ந்தது. தரகனுக்கு வாய் காய்வது லாரிக்கு டீசல் தீர்வதுபோல என்று சிரித்துவிட்டு, பாக்கெட்டில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டேன். பிறகு குத்தவைத்து ஆட்டின் பல்லைப் பார்த்துவிட்டு எழும்போது தொடை ஒத்துழைக்கவில்லை. டவுன் பஸ் படியில் கால் வைத்தால் உடம்பு மேலே வரமாட்டேன் என்றது. ஐம்பத்திரண்டு வயதாகிறதே, முட்டி தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி சரசு ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் வந்து பார்த்தால் கட்டிலின் நாலு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து உயர்த்தி வைத்திருந்தாள்.

"எதுக்கு சரசு இது?"

"அடியில கூட்டறதுக்குக் குனிய முடியலீங்க. அதான் தூக்கி வெச்சேன்."

அவள் குனிந்து அன்று முழுக்க நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்திருந்தாள். உயர்த்திய கட்டிலிலிருந்து எழுவது எனக்கு எளிதாக இருந்தது. அவள் சொன்ன காரணத்தை நானும் நம்புவதுபோல இருந்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் அந்தச் சந்தை நாள் வந்தது. நங்கவள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் பன்னிரண்டு செம்மறிகளை என்னை நம்பி விட்டிருந்தார். வாங்க வந்தவர் நல்லமுத்து அண்ணன். நாமக்கல் பக்கத்துக்காரர், கறிக்கடைகளுக்கு மொத்தமாக ஆடு பிடித்துக் கொடுப்பவர். அவரும் நானும் இருபது வருடமாகத் துண்டு போட்டிருக்கிறோம். அவர் வரும்வரை அரைமணி நேரம் வேப்பமரத்தடித் திட்டில் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தச் சும்மா உட்கார்ந்ததுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

அவர் துண்டைப் போட்டார். நான் அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் உடனே தலையாட்டினார். நான் பிடியை விடாமல், ஆடுகளின் தரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

"ஏப்பா செங்கோடா, நான் தலையாட்டுன பொறவு சுண்டுவிரலச் சேத்துப் புடிக்கறியா?"

"இல்லீங்கண்ணா. நான் மொதல்லயே நாலுதானுங்க புடிச்சேன்."

"எனக்கு அறுவது வயசாச்சு. மூணு விரலுக்கும் நாலு விரலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நானு? மூணு புடிச்ச, நான் ஒத்துக்கிட்டேன், அப்பறம் நாலாக்கற."

"சாமி சத்தியமா நாலுதானுங்கண்ணா."

"கை மாத்தறவன்கிட்ட எனக்கு யாவாரம் இல்ல போ." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற மாதிரி இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சந்தையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. துண்டை எடுத்தால், "வாயாலயே சொல்லிருங்க" என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட மோசமாக, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்லமுத்து அண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் என் கை எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறதா என்று, பஸ்ஸில் வரும்போது ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இதை நானேதான் கண்டுபிடித்தேன், எந்த டாக்டரும் சொல்லவில்லை. சும்மா இருந்துவிட்டுப் பிடித்தால் பிடி சொத்தையாக இருக்கும். விடாமல் இறுக்கிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு விநாடியில் பலம் ஏறும். இரண்டு கிடாயை டெம்போவில் தூக்கிப் போட்டுவிட்டுப் பிடித்தால் முதல் பிடியே இரும்பாக இருக்கும். ஒரு நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் போச்சு, மறுபடி சொத்தை. ஓய்வெடுத்தால் பலம் வரும் என்பது உலக வழக்கம். எனக்கு எல்லாமே தலைகீழ்.

இதை மேட்டூர்ப் பக்கம் ஓர் எலும்பு டாக்டரிடம் சொன்னேன். முதுகுத்தண்டைப் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார். இன்னொரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. அங்கிருந்த டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"வேலை செஞ்சா பலம் கூடுதுன்னு சொல்றீங்க. அப்படின்னா உங்களுக்கு நோயே இல்லைங்க. மனசுதான் காரணம். நல்லாத் தூங்குங்க."

தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு சந்தை நாளில்கூடத் தூங்கினேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "வேலை செய்யச் சொன்னா உளுந்துக்கறான், செஞ்சு முடிச்சதும் எந்திரிச்சுக்கறான், இந்தச் சீக்கு நமக்கும் வராதா" என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். அந்தக் கேலியில் நானும் கலந்துகொண்டேன். வேறென்ன செய்வது.

மேச்சேரி பஸ் நிலையத்தில் ஒருநாள் பஸ் படியிலிருந்து சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கூட வந்திருந்த சரசு அன்று வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள்.

"இந்தப் பஸ்ஸு சேலம் போவுதுங்க. ஏறுங்க. நரம்பு டாக்டரப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போறது."

"கைல ஒண்ணும் எடுத்தாரலியே?"

"நான் எடுத்தாந்துட்டேன்." அவள் கைப்பையில் என் பழைய சீட்டுகள், எக்ஸ்ரே, மாற்றுத்துணி எல்லாம் இருந்தன. எத்தனை நாளாக அந்தப் பையைத் தயாராகத் தூக்கிக்கொண்டு நடந்தாளோ தெரியாது.

சேலத்து ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவு மாடியில் இருந்தது. லிப்டுக்கு முன்னால் கூட்டம். காத்திருந்த நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையில் கண் நன்றாகத் திறக்கும், பேசப் பேச இமை தானாகக் கீழே இறங்கிவிடும் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இடது இமை பாதிக்கு வந்துவிட்டது.

"எனக்குச் செய்யச் செய்யக் கூடுதுங்க" என்றேன்.

"எனக்குச் செய்யச் செய்யக் கொறையுதுங்க. நம்ம ரெண்டு பேரையும் கலந்து ஒரு ஆளாக்கிட்டா சரியாப் போயிருமாட்ட இருக்குது" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க ஐயா, என்ன பண்ணுது?" என்று கேட்டார். நான் சொன்னேன். ஓய்வெடுத்தால் குறைகிறது, இறுக்கினால் கூடுகிறது என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். தன் இரண்டு விரலை நீட்டி, "என் விரலைப் பிடிச்சு இறுக்குங்க" என்றார்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது.

"நாலு விரலையும் குடுங்க டாக்டரம்மா. மேல துண்டு போட்டுக்கட்டுங்களா?"

"துண்டு எதுக்கு?"

சந்தை வழக்கத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டினார். தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டு, அவருடைய நாலு விரலையும் பிடித்தேன்.

"எத்தன புடிச்சிருக்கறேனுங்க?"

"மூணு."

"அப்படியே கொஞ்சம் இருங்க." நான் விடாமல் இறுக்கினேன்.

சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இப்ப நாலு. சுண்டுவிரல் இப்பத்தான் உள்ளே வந்தது" என்றார்.

நல்லமுத்து அண்ணனுக்குத் தெரிந்தது அப்படியே இவருக்கும் தெரிந்துவிட்டது. "நான் மொதல்லயே நாலுதானுங்க புடிச்சேன்" என்றேன்.

"தெரியுதுங்க ஐயா. நீங்க நாலுதான் பிடிச்சீங்க. அது உங்க கைக்குப் போய்ச் சேர ஆறு விநாடி ஆச்சு."

நான் அழுதேன். ஆட்டுத் தரகன், மீசை வைத்தவன், ஒரு டாக்டரம்மா முன்னால் அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன நோய் என்று இன்னும் தெரியாது. ஆனால் நான் திருடன் இல்லை என்று தெரிந்துவிட்டது. சரசு என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் சிறு சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. காலைப் பத்து விநாடி விறைப்பாக நீட்டி இறுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினார். கால் துள்ளியது. "படுக்கை போட்டுருங்க" என்று நர்ஸிடம் சொன்னார்.

மறுநாள் ஒரு சோதனை. நரம்பில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, தசை எவ்வளவு பதில் சொல்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது. அதைச் செய்த தம்பி என் உள்ளங்கை ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு பட்டையை ஒட்டினார்.

"ஏன் தம்பி சுண்டுவிரலு?"

"இந்தத் தசையிலதான் வழக்கமாப் பாப்போமுங்க."

எந்த விரல் சந்தையில் என்னைக் காட்டிக்கொடுத்ததோ அதே விரல். மணிக்கட்டில் சுரீர் என்றது. திரையில் ஒரு சின்ன மேடு தெரிந்தது, எறும்புப் புற்று அளவுக்கு. பிறகு அந்த விரலை விரித்து, அவர் கையை எதிர்த்துப் பத்து விநாடி தள்ளச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். உடனே மறுபடி ஷாக். இப்போது அதே இடத்தில் ஒரு குன்று எழுந்து நின்றது. முதல் மேட்டைப்போல மூன்று மடங்காவது இருக்கும். அந்தத் தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். ஒரு நிமிடம் கையைச் சும்மா வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஷாக் கொடுத்தார்கள். குன்று மறுபடி மேடாகிவிட்டது.

நோய்க்கு இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் வாயில் அது நிற்கவில்லை. ஆனால் நடப்பது என்ன என்பதை டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். நரம்பு போய் நேராகத் தசையைத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து இருக்கிறது. நரம்பின் நுனியில் ஆயிரக்கணக்கான குட்டிப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரசாயனம். 'இறுக்கு' என்று மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் நுனியிலுள்ள கதவுகள் திறந்து, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வரும். அது வந்தால்தான் பைகள் உடைந்து ரசாயனம் அந்த இடைவெளியைத் தாண்டித் தசையைத் தட்டும். என் உடம்பின் காவல்படை, கிருமியை அடிக்க வேண்டியது, தப்பாக இந்தக் கதவுகளையே அடைத்து வைத்திருக்கிறது.

"அப்பறம் எப்படிங்க கொஞ்ச நேரத்துல பலம் வருது?"

அவர் அதையும் சொன்னார். நான் அதை என் பாஷையில் மாற்றிக்கொண்டேன். பட்டிக்குள் ஆடுகள் படுத்திருக்கின்றன, அவைதான் அந்தக் குட்டிப் பைகள். கால்சியம் என்கிற ஆள் உள்ளே போய் எழுப்பினால்தான் வெளியே வரும். மற்றவர்கள் பட்டியில் உத்தரவு ஒன்று போட்டால் இருபது ஆள் உள்ளே ஓடுவார்கள், ஆடு மொத்தமாக வெளியே வந்துவிடும். என் பட்டியில் வாசல்கள் அடைபட்டுக் கிடப்பதால் ஓர் உத்தரவுக்கு இரண்டு ஆள்தான் நுழைகிறார்கள், ஒன்றிரண்டு ஆடுதான் வரும். ஆனால் நுழைந்த ஆள் உடனே வெளியே போவதில்லை. அவன் உள்ளே இருக்கும்போதே அடுத்த உத்தரவு வந்தால் இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள். உத்தரவு மேல் உத்தரவாக வந்தால் ஆள் கூடிக்கொண்டே போய், கடைசியில் மந்தையே எழுந்துவிடும். சும்மா இருந்தால் உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிடுவார்கள், ஆடு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா, "இதை நான் வகுப்புல சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

எல்லார் உடம்பிலும் எல்லா நரம்புச் சந்திலும் இந்த ஏற்றமும் இறக்கமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இந்தச் சந்துக்கு சினாப்ஸ் என்று பெயர். சில சந்துகள் அடுத்தடுத்து உத்தரவு வர வரப் பலமாகும், சில சந்துகள் பை தீர்ந்துபோய்ப் பலவீனமாகும், சற்று ஓய்ந்தால் பழையபடி ஆகும். மூளைக்குள்ளும் இப்படித்தான், ஒரு நொடி முன்னால் நடந்தது அடுத்த நொடியின் பலத்தில் தெரியும். நல்ல உடம்பில் தசைக்குத் தேவைக்கு மேலேயே ரசாயனம் கொட்டுவதால் இந்தக் கூடுதல் குறைச்சல் வெளியே தெரியாது. நெய் வியாபாரிக்கு நரம்புப் பக்கம் சரியாக இருக்கிறது, தசைப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளும் இடங்கள் குறைந்துவிட்டன. அதனால் போகப்போக அவருக்குப் போதாமல் போகிறது. எனக்கு அனுப்பும் பக்கம் கோளாறு, அவருக்கு வாங்கும் பக்கம் கோளாறு. அவரை அடுத்த முறை பார்க்கும்போது, "கலந்திருந்தா சரியாப் போயிருக்குமுங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் டாக்டரம்மா நாலு மருத்துவ மாணவர்களைக் கூட்டிவந்தார். துண்டு போட்டு, நடுவே என் கைக்கு ஒரு நிமிடம் ஓய்வு விட்டு, ஒவ்வொருவராக என்னிடம் விலை கேட்டார்கள். நாலு பேரும் முதலில் மூன்று என்றார்கள், பிறகு நாலு என்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் கையை எடுக்காமல், "கிடாய்க்கு எத்தனை பல்லுங்க?" என்று கேட்டாள். தொழிலுக்கு வந்துவிடு சாமி என்றேன். வார்டே சிரித்தது. இத்தனை தெளிவாக இதைக் கவனித்துச் சொன்ன ஆளைத் தான் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா அவர்களிடம் சொன்னபோது, சரசு ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையைச் சரிசெய்வதுபோல் நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நோயாளிக்குப் பெருமை இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"பீடி குடிப்பீங்களா ஐயா?"

"முப்பது வருசமா."

இந்த நோய் வருகிறவர்களில் பலருக்கு நுரையீரலில் புற்றுநோய் ஒளிந்திருக்கும், அதை அடிக்கக் கிளம்பிய காவல்படைதான் தவறிப்போய் நரம்புக் கதவையும் அடிக்கிறது, அதனால் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். கை மாற்றினவன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். சாவதைவிட அது பெரிதாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் கிறுக்குத்தனமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே முடிவுக்காக உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பையில் பாதிக் கட்டு பீடி இருந்தது. அதை எடுத்துச் சரசுவிடம் கொடுத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக அந்தப் பீடிக்காக அவள் திட்டாத நாள் இல்லை. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தண்ணி குடிக்கறீங்களா, வாய் காஞ்சிருக்கும்" என்றாள். அந்த நேரத்தில் அவள் திட்டாமல் விட்டதுதான் எனக்குப் பயத்தை இன்னும் கூட்டியது.

நெஞ்சில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். ஆனால் இத்தோடு முடியாது, இரண்டு வருடத்துக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். சரி என்றேன். வெளியே வந்ததும் சரசு அந்தப் பீடிக்கட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, இருபத்தைந்து வருடத் திட்டையும் மொத்தமாகத் திட்டினாள். லிப்டு வந்து போய், மறுபடி வந்து போயிற்று. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

மாத்திரை எளிதில் கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். நரம்பின் உத்தரவைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து, அடைபடாமல் மிச்சமிருக்கிற கதவுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் மருந்து அது. போட்டுக்கொண்ட அரைமணியில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அது வழக்கம்தான் என்றார்கள். மூன்றாம் நாள் வார்டு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நின்றேன். உட்கார்ந்து மறுபடி எழுந்தேன். எதிர்ப் படுக்கைக்காரர் எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தச் சோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே சின்ன மேடு, கீழே பெரிய குன்று.

"இதச் சந்தைக்கு எடுத்துட்டுப் போயி நல்லமுத்து அண்ணங்கிட்டக் காட்டுங்க" என்றாள் சரசு.

"மாட்டேன்."

"ஏனுங்க?"

"காயிதத்தக் காட்டி நம்ப வெக்கறவன் தரகனா? கையிலதான் பேரு கெட்டுச்சு. கையிலதான் சரியாவோணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. செங்கல் விஷயத்தில் நான் கற்றிருக்கவேண்டும், அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

தை மாதம் சந்தைக்குப் போனேன். பஸ் படியில் நானாக ஏறினேன், நானாக இறங்கினேன். அதே விவசாயி, நங்கவள்ளிக்காரர், என்னைப் பார்த்ததும் எட்டு ஆடுகளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கட்டினார். அவருக்கு நான் பட்ட கடனை வேறெப்படியும் தீர்க்க முடியாது. வேப்பமரத்தடித் திட்டில் உட்கார்ந்தேன். டீ குடித்தேன். வேண்டுமென்றே கையை மடியில் சும்மா வைத்துக்கொண்டிருந்தேன். கையை முன்கூட்டியே இறுக்கித் தயார் செய்துகொண்டு பிடித்தால் அது எனக்குத் திருப்தியாக இருக்காது.

நல்லமுத்து அண்ணன் வந்தார். ஆடுகளைச் சுற்றிவந்தார், ஒன்றின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். என்னைப் பார்க்கவே இல்லை. பெரிய விலையை வாயால் பேசினோம். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு என் கைமேல் துண்டு விழுந்தது. அக்கம்பக்கத்தில் பேச்சு நின்றது எனக்குத் தெரிந்தது.

நாலு விரலைப் பிடித்தேன். முதல் பிடியிலேயே நாலும் என் கைக்குள் வந்தன. எனக்கே தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் தலையாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று முதலில் புரியவில்லை. பிறகு உதட்டைப் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டு. பத்து வரை எண்ணினார்.

"நாலு" என்றார்.

"ஆமாங்கண்ணா. எதுக்குங்க எண்ணுனீங்க?"

"உன்ற பொண்டாட்டி அந்தக் காயிதத்தப் படம் புடிச்சு எனக்குப் போன்ல அனுப்பிச்சுது. கூடவே பேசியும் அனுப்பிச்சுது, பத்து எண்ணிட்டுத் தலையாட்டுங்கண்ணான்னு. நான் உனக்குப் போன் போடலாம்னு எடுத்து எடுத்து வெச்சேன். என்னன்னு பேசறதுன்னு தெரியல." பிறகு, அன்றைக்குக் குற்றம் சொன்ன அதே உரத்த குரலில், மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கும் நீ நாலுதாம்ப்பா புடிச்சிருக்கற. நான்தான் அவசரப்பட்டுத் தலையாட்டிட்டேன்."

எனக்கு வாய் காய்ந்துவிட்டது, அது மருந்தால் முழுக்கச் சரியாகவில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய சுண்டுவிரல் அப்போதும் என் கைக்குள்தான் இருந்தது.